ஒரே சட்டம், வேறு வேறு வாழ்க்கை: வன்னியில் கே ஆண்களும் லெஸ்பியன் பெண்களும்

தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365 மற்றும் 365அ பிரிவுகளை நீக்குவது பற்றிய பேச்சு செய்திகளில் எழும் ஒவ்வொரு தடவையும், “தன்பாலீர்ப்பாளர்” என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் ஒரு கூட்டத்தைப் பற்றியே விவாதம் நடக்கிறது. ஆணை விரும்பும் ஆணுக்கும் பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் ஒரே பிரச்சினை, ஒரே தீர்வு என்று ஆதரிப்போரும் எதிர்ப்போரும் எடுத்துக்கொள்கிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களைக் கொண்ட வன்னியில் இந்த எடுகோள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இவ்விரு சாராருக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி, ஆணையும் பெண்ணையும் சட்டமும் குடும்பமும் காணியும் வேறு வேறாக நடத்துவதிலிருந்தே பிறக்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் சில வரையறைகள்

மூன்று விடயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளாவிட்டால் மேற்கொண்டு எதுவும் விளங்காது.

1. ஈர்ப்பு: ஒருவருக்கு யார் மீது காதலும் காமமும் ஏற்படுகின்றன என்பது. இது ஒரு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் திகதி இதனைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது.

2. நடத்தை: ஒருவர் உண்மையில் யாருடன் உறவு கொள்கிறார் என்பது. ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்கள் பலர் மனைவி மக்களோடு வாழ்பவர்கள். தங்களை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளாதவர்கள்.

3. அடையாளம்: “நான் இன்னார்” என்று ஒருவர் தனக்குத் தானே, பிறகு பிறருக்கு, சொல்லிக்கொள்வது. கே (ஆணை விரும்பும் ஆண்) என்பதும் லெஸ்பியன் (பெண்ணை விரும்பும் பெண்) என்பதும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

சட்டம் தண்டிப்பது நடத்தையை. ஊர் தண்டிப்பது அடையாளத்தை. இவற்றுடன் திருநங்கை, திருநம்பி என்ற பால்நிலை அடையாளங்களையும் போட்டுக் குழப்புவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. தன்னைப் பெண்ணாக உணரும் திருநங்கை வேறு, ஆணாகவே இருந்து ஆணை விரும்புபவர் வேறு. நளினமாக நடக்கும் பையனைப் பார்த்து “ஒன்பது” என்று ஏசும் வாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது என்பது மட்டுமல்ல, தெரிந்துகொள்ளும் தேவையும் அதற்கு இருப்பதில்லை.

சட்டம் யாரைக் கண்டது

1883ஆம் ஆண்டு பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு “இயற்கையின் ஒழுங்குக்கு மாறான” உடலுறவைக் குற்றமாக்கியது. இதற்குப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். 365அ பிரிவு “பாரதூரமான அநாகரிகச் செயலை” இரண்டு ஆண்டுகள் வரை தண்டிக்கிறது. இந்த இரண்டாவது பிரிவு நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இங்கிலாந்திலும் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களை மட்டுமே குறிவைத்தது. 1921இல் பெண்களையும் அதில் சேர்க்க ஒரு முயற்சி நடந்தபோது பிரபுக்கள் சபை அதனைத் தோற்கடித்தது. தாராள மனப்பான்மையால் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. இப்படி ஒன்று உண்டென்று சட்டத்தில் எழுதினால் அதைக் கேள்விப்பட்டிராத பெண்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும் என்பதே அங்கு பேசியவர்களின் அச்சம். பெண்ணின் காமம் பேசப்படாதவரை இல்லாததாகவே இருக்கும் என்ற அந்த நம்பிக்கை, நம்முடைய வீடுகளிலும் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

இலங்கையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தபோது 365அ பிரிவிலிருந்த “ஆண்” என்ற சொல் எடுக்கப்பட்டு, “ஆள்” என்று பொதுவாக்கப்பட்டது. பிரிவை நீக்கும்படி கேட்டவர்களுக்குக் கிடைத்தது, பெண்களையும் சேர்த்துத் தண்டிக்கும் சமத்துவம். அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1999இல் கொழும்பில் லெஸ்பியன் பெண்களின் மாநாடு பற்றிய பேச்சு எழுந்தபோது, அந்தப் பெண்கள் மீது குற்றவாளிகளை ஏவிவிட்டு வன்புணரச் செய்ய வேண்டும் என்ற கருத்துப்பட எழுதப்பட்ட வாசகர் கடிதம் ஒன்றை ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்டது. அதற்கெதிரான முறைப்பாட்டை இலங்கைப் பத்திரிகைப் பேரவை 2000ஆம் ஆண்டு தள்ளுபடி செய்து, முறையிட்டவரையே செலவு கட்டவும் வைத்தது. ஆணுக்கு எதிரான வெறுப்பு “உள்ளே தள்ளு” என்று பேசும்போது, பெண்ணுக்கு எதிரான வெறுப்பு “ஓர் ஆணைக் கொண்டு திருத்து” என்று பேசுகிறது. கட்டாயத் திருமணத்துக்கும் அந்தக் கடிதத்துக்கும் இடையில் உள்ளது அளவு வித்தியாசம் மட்டுமே என்பது என் கருத்து.

வன்னியைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1995இல் இந்தத் திருத்தம் நிறைவேறியபோது வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில், அவர்களுடைய நீதிமன்றங்களுக்கும் காவல்துறைக்கும் கீழ் இருந்தது. கொழும்பின் 365அ பிரிவு நடைமுறையில் இங்கு முழுமையாக வந்து சேர்ந்தது 2009க்குப் பிறகுதான்.

அண்மைய செய்திகளை இந்தப் பின்னணியிலேயே படிக்க வேண்டும். 2022இல், பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகளின் சீடோ குழு, இலங்கையைச் சேர்ந்த செயற்பாட்டாளர் ரொசானா ஃபிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது பெண்களுக்கெதிரான பாகுபாடு என்று முதன்முறையாக முடிவு செய்தது. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அறிவித்தது. பலர் இதனைச் சட்டம் நீங்கிவிட்டது என்று விளங்கிக்கொண்டார்கள். அந்தச் சட்டமூலம் நிறைவேற்றப்படவில்லை. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைந்தது. 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், அந்நாட்டில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றி வழங்கிய தீர்ப்பு இந்தியாவுக்குரியது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் பார்த்ததனால் அது வன்னியின் மாங்குளத்துக்கும் செல்லுபடியாகிவிடாது.

யாரை எங்கே சந்திப்பது

உலகின் பெரிய நகரங்களில் கே ஆண்களின் பண்பாடு என்று அறியப்படுவதில் பெரும்பகுதி பொது இடத்தில் உருவானது: மதுச்சாலை, பூங்கா, இரவு விடுதி, அறிமுகமற்றவர் ஒருவரின் பார்வையை அடையாளம் கண்டுகொள்ளும் நுட்பம். லெஸ்பியன் பண்பாடு வீட்டுக் கூடங்களிலும், வாசிப்பு வட்டங்களிலும், பெண்கள் அமைப்புகளிலும், நண்பியின் நண்பி என்று நீளும் வலைப்பின்னல்களிலும் கூடுதலாக வளர்ந்தது. ஆண்களுக்குக் கையில் காசும் இரவில் தெருவும் இருந்தன. பெண்களுக்கு இரண்டும் குறைவு. விதிவிலக்குகள் நிறைய உண்டென்றாலும் பொதுப் போக்கு இதுவே.

வன்னியில் மதுச்சாலைப் பண்பாட்டைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அதே கோடு இங்கும் ஓடுகிறது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்குப் புறப்படும் இளைஞனிடம் “எங்கை போறாய்?” என்று கேட்பார்கள், “சும்மா, பெடியளோடை” என்றால் கேள்வி முடிந்துவிடும். குளக்கட்டும், விளையாட்டு மைதானத்தின் இருண்ட மூலையும், நண்பனின் அறையும் அவனுக்கு உண்டு. கைத்தொலைபேசிச் செயலிகளும் உண்டு. இவை அறிமுகமற்றவர்களைத் தூரக் கணக்கோடு காட்டுபவை. கொழும்பில் “முந்நூறு மீற்றர் தூரத்தில் ஒருவர்” என்றால் அது ஆயிரம் பேரில் எவராகவும் இருக்கலாம். முள்ளியவளையிலோ விசுவமடுவிலோ அதே முந்நூறு மீற்றருக்குள் பத்து வீடுகள்தான் இருக்கும். முகத்தை மறைத்து வைத்தாலும் தூரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே இங்குள்ள ஆணின் அபாயம் முன்பின் தெரியாதவரிடமிருந்து வருகிறது: படத்தை வைத்துக் காசு கேட்பவர், ஆசை காட்டி அழைத்து அடிப்பவர், வீதியில் சுற்றித்திரிபவர்களுக்கு எதிரான 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டத்தை வாயில் வைத்துக்கொண்டு மிரட்டும் சீருடைக்காரர். தன்பாலுறவுக்கு ஆதாரம் தேடி ஆண்கள் மீது கட்டாய உடற்பரிசோதனைகள் நடந்ததை மனித உரிமை அமைப்புகள் 2020இல் வெளிக்கொண்டு வந்தன. முறையிடப் போனால் முறையிட்டவரே சந்தேகநபராகும் நிலையில், மிரட்டுபவரின் துணிவு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பொழுதுபட்ட பிறகு தனியே வெளியே நிற்க முடியாத பெண்ணுக்கு இந்த வழிகள் எதுவும் இல்லை. அவளுடைய காதல் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த ஒருத்தியிடமே பிறக்க முடியும்: தையல் வகுப்பு, ஆசிரியர் கலாசாலை, கார்மென்ட்ஸ் பஸ்ஸில் விடிய முன்னம் பக்கத்தில் இருப்பவள், வாடகை அறையைப் பகிர்ந்துகொள்பவள். இரண்டு பெண்கள் ஒரே பாயில் படுப்பதையும், ஒருத்தி மற்றவளுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது ஒரு பாதுகாப்புத்தான். ஆனால் கண்ணில் படாத உறவுக்குப் பேரும் கிடையாது, அதே அனுபவமுள்ள இன்னொருத்தியைக் கண்டுபிடிக்க வழியும் கிடையாது. ஆணை ஏசுவதற்கு ஊரில் சொற்கள் கிடக்கின்றன. பெண்ணை ஏசுவதற்குக்கூட ஒன்று சட்டென்று வாயில் வருவதில்லை. வன்னியில் ஓர் ஆண் தன்னைக் கே என்று பதினேழு வயதில் உணர்ந்துகொள்ளவும், ஒரு பெண் முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகே தன் பள்ளிக்கூடத் தோழி தனக்கு யாராக இருந்தாள் என்று விளங்கிக்கொள்ளவும் நேர்வதற்கு இதுவே காரணம் என்று கருத இடமுண்டு.

திருமணம் என்னும் காலக்கெடு

வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் இது. வீட்டின் மூத்த மகனுக்குத் திருமணத்தைத் தள்ளிப்போட மரியாதையான ஒரு காரணம் கையில் இருக்கிறது: தங்கச்சிமாரைக் கரைசேர்க்க வேண்டும். அதைச் சொல்லி முப்பத்தைந்து வயதுவரை இழுத்தடிக்கும் மகனை ஊர் பொறுப்புள்ள பிள்ளை என்றே மெச்சும். அதற்குப் பிறகும் வெளிநாடு, கடன், வீடு கட்டி முடியவில்லை என்று காரணங்கள் நீளும். ஆணை விரும்பும் ஆண்கள் சிலருக்கு இந்தச் சீதன முறையே, தான் அறியாமல், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கொடுத்துவிடுகிறது.

மகளுக்குக் கணக்கு தலைகீழ். “அக்கா இருக்கத் தங்கச்சிக்குச் செய்யேலாது” என்ற விதியின்படி, அவள் மறுக்கும் ஒவ்வொரு சம்பந்தமும் அவளுக்குப் பின்னால் வரும் சகோதரிகளின் கணக்கில் ஏறுகிறது. அவளுடைய மறுப்பு அவளுடையதாக மட்டும் இருக்க விடப்படுவதில்லை. செவ்வாய் தோஷம், மேற்படிப்பு, அரச வேலைக்கான காத்திருப்பு ஆகியவை சில ஆண்டுகளை வாங்கித் தரலாம். அதற்கு மேல் வழி இல்லை.

திருமணத்துக்குப் பிறகும் இந்த ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. மணமான கே ஆண் தன் மற்ற வாழ்க்கையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியும். அதன் விலையை எதுவும் அறியாத மனைவியே கொடுக்கிறாள் என்பதைக் கே ஆண்களுக்காகப் பேசுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மணமான லெஸ்பியன் பெண்ணுக்கு வெளி என்று ஒன்று இல்லை. மறுப்பதற்கும் வழி இல்லை: மனைவியை வன்புணர்வது இலங்கைச் சட்டத்தில் நீதிமன்ற ஆணைப்படி பிரிந்து வாழும் நிலையில் மட்டுமே குற்றமாகும்.

வீட்டை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதிலும் பால் வேறுபாடு தெரிகிறது. மகன் போனால் “உழைக்கப் போய்விட்டான்”. மகள் போனால் பொலிஸில் முறைப்பாடு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் வழங்கிய, தமிழ்நாட்டில் பல மாற்றங்களுக்கு வழிவிட்ட உத்தரவு, மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரு பெண்களைப் பற்றிப் பெற்றோர் கொடுத்த “காணவில்லை” முறைப்பாடுகளிலிருந்தே தொடங்கியது. 2022இல் அக்கரைப்பற்றில் ஓர் இந்தியப் பெண்ணும் ஓர் இலங்கைப் பெண்ணும் சேர்ந்து வாழ விரும்பிய விவகாரமும் தந்தையின் முறைப்பாட்டில் தொடங்கி, நீதிமன்றத்தின் ஊடாக மனநலப் பரிசோதனை வரை சென்றது.

தலைமுடியும் உடையும்

மேற்கு நாடுகளில் கட்டையாக வெட்டிய முடியும் ஆண் உடையும் லெஸ்பியன் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் குறிகளாக நெடுங்காலம் இருந்தன. வன்னியில் அந்தக் குறிக்கு வேறொரு பொருள் ஏற்கெனவே பதிந்துவிட்டது. இருபது ஆண்டுகளாகக் காற்சட்டையும் சேட்டும் அணிந்து மோட்டார் சைக்கிள் ஓடிய பெண்களை இந்த மண் கண்டிருக்கிறது. அவர்கள் போராளிகளாகவே பார்க்கப்பட்டார்கள், வேறெதுவாகவும் அல்ல. 2009க்குப் பிறகு முடியை வளர்த்துச் சேலை கட்டுவது பாதுகாப்புக்கும் கலியாணத்துக்கும் உரிய நிபந்தனையானது. புனர்வாழ்வு முகாம்களில் தையலும் மணப்பெண் அலங்காரமும் கற்பிக்கப்பட்டன. ஆகவே இன்று இங்கு முடியைக் கட்டையாக வெட்டும் பெண்ணிடம் முதலில் எழும் சந்தேகம் “இயக்கத்தில் இருந்தவளோ?” என்பதாகவே இருக்கும். ஆண்களிடையே அப்படியல்ல. நடையில் நளினம், கையசைவு, புருவம் ஆகியவை உடனே படிக்கப்பட்டுவிடுகின்றன. அதனால் நளினமான ஆண் தான் விரும்பாமலே வெளிப்பட்டுவிடுகிறான். வாட்டசாட்டமான கே ஆண் அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். கே ஆண்களுக்குள்ளேயே நளினமானவர்களை ஒதுக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. இங்கும் அதற்குக் குறைவில்லை.

இயக்கமும் நிதியும்

1970களில் மேற்கில் லெஸ்பியன் பெண்களில் பலர் தங்கள் அரசியலைப் பெண்விடுதலையிலிருந்தே பெற்றார்கள். அந்தப் பெண்விடுதலை இயக்கத்திலேயே சிலர் அவர்களைச் சுமையாகப் பார்த்தார்கள். கே ஆண்களின் அமைப்புகளோ, ஆண்கள் பெண்களை வழக்கமாக நடத்துவது போலவே அவர்களையும் நடத்தின. 1981இல் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கைகள் வெளியான பின் நிலைமை மாறியது. கே ஆண்கள் இரத்தம் கொடுக்கத் தடை வந்தபோது, 1983இல் சான் டியாகோவில் லெஸ்பியன் பெண்கள் ஒன்றுதிரண்டு அவர்களுக்காக இரத்ததானம் செய்தார்கள். ஆனால் அதே நோய் இன்னொரு விளைவையும் கொண்டுவந்தது: நிதி ஆண்களின் சுகாதாரத்தை நோக்கிப் பாய்ந்தது. ஆசிய நாடுகளில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்களையே குறிவைத்தன. தொற்று அபாயம் குறைந்த பெண்கள் திட்ட அறிக்கைகளிலேயே இல்லாமல் போனார்கள்.

இலங்கையில் 1995இல் தொடங்கிய கம்பேனியன்ஸ் ஒன் எ ஜேர்னி என்ற அமைப்பில் ஆண்களின் குரலே மேலோங்கியிருந்தது. பெண்களுக்கென 1999இல் விமன்ஸ் சப்போர்ட் குறூப்பும், எல்லாருக்குமாக 2004இல் ஈக்குவல் கிரவுண்டும் உருவாகின. இவை மூன்றும் கொழும்பில் பிறந்தவை. வன்னியிலிருந்து பார்க்கும்போது ஆண், பெண் என்ற பிளவோடு சிங்களம் அல்லது ஆங்கிலம் தெரிந்தவர், தெரியாதவர் என்ற இன்னொரு பிளவும் குறுக்கே ஓடுகிறது. அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் நடந்த வானவில் ஊர்வலங்கள் தமிழில் பேசியது இதனாலேயே முக்கியமானது.

சட்டம் நீங்கினால் யாருக்கு என்ன கிடைக்கும்

1. ஆண்களுக்குக் கிடைக்கும் பயன் உடனடியானது. மிரட்டிப் பணம் பறிப்பவரின் கையிலிருக்கும் முதல் ஆயுதம் போய்விடும். பாதிக்கப்பட்டவர் பொலிஸ் நிலையத்துக்குள் நுழைவது கொஞ்சமாவது சாத்தியமாகும்.

2. பெண்களுக்கு அது ஒரு கதவை மட்டுமே திறக்கும். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ எதிராகவும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் ஏன் அடித்தார்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதிலே குற்ற ஒப்புதலாகும்வரை அந்த உரிமை தாளில்தான் இருக்கும். பிரிவுகள் நீங்கினால் பதில் சொல்லலாம். வீட்டை விட்டு வெளியே வந்து எங்கே தங்குவது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

3. அந்தக் கேள்விக்கான பதில் வன்னியில் காணியோடு தொடர்புடையது. தனியாருக்கு உரித்தான உறுதிக் காணிக்கு, வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைச் சட்டம் பொருந்தும். மணமான பெண் கணவனின் சம்மதமின்றித் தன் அசையாச் சொத்தை விற்க முடியாது. மணமாகாத பெண்ணுக்கு அந்தத் தடை இல்லை. உறுதிக் காணியை மரணசாசனம் எழுதி இரத்த உறவல்லாத ஒருவருக்கும் விடலாம். ஆனால் வன்னியின் குடியேற்றத் திட்டங்களில் உள்ளவை பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய பெர்மிட் காணிகள். அவற்றுக்குப் பின்னுரித்தாளராக (தனக்குப் பின் காணியைப் பெறுபவராக) வாழ்க்கைத் துணையையோ, அட்டவணையில் குறிப்பிட்ட உறவினரையோ மட்டுமே நியமிக்கலாம். 2022இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த அட்டவணை மகன்களை மகள்மாருக்கு முன்னால் வைத்திருந்தது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். போரில் கணவனை இழந்த ஒருத்தியும் மணமாகாத அவளுடைய தோழியும் வட்டக்கச்சியில் ஒரு பெர்மிட் காணியில் ஒன்றாக வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில் அதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். கிராம சேவையாளரின் பதிவில் மற்றவள் “உறவினர்” என்று போய்விடுவாள். சேர்ந்து கிணறு கட்டுவார்கள், தென்னம்பிள்ளை வைப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். பெர்மிட் வைத்திருப்பவள் இறந்த மறுமாதம் அவளுடைய தமையனின் மகன் பிரதேச செயலகத்தில் போய் நிற்கலாம். காசு போட்டவள் நிற்க முடியாது. ஆண் சோடிக்கும் இதே சட்டம்தான். ஆனால் ஆணுக்குத் தன் பேரில் வேறொரு காணி கிடைக்கவும், கூலிக்குப் போய் அறை எடுக்கவும், கொழும்புக்கோ கட்டாருக்கோ புறப்படவும் வழி கூடுதலாக இருக்கிறது.

2024இல் தொடங்கப்பட்ட “உறுமய” திட்டம் இத்தகைய பெர்மிட் காணிகளை முழு உரித்துள்ள காணிகளாக மாற்றுவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட காணியை மரணசாசனத்தின் மூலம் விரும்பியவருக்கு விட முடியும். பாலீர்ப்புக்கும் அந்தத் திட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை வகுத்தவர்கள் இதை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் வட்டக்கச்சியின் அந்த இரு பெண்களுக்கு, 365அ பிரிவின் நீக்கத்தை விட, பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் இத்தகைய உரித்து மாற்றத்துக்குக் கொடுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் முன்னதாகப் பயன்படக்கூடும்.